ஏழு ஆட்டமும் ஒரு நேர்த்தியும்

செலினக்கா தன் பக்கத்து மூலையை நழுவவிட்டதைப் பதினொரு வருஷத்தில் அன்றைக்குத்தான் கண்டேன். விரிப்பு கோணலாகப் போய்ச் சூட்டு உருளைக்குள் சுருண்டது. தீய்ந்த மணம் வந்தது. நான் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்து மெசினை நிறுத்தினேன்.

டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்தில் இருக்கிற எங்கள் சலவைத் தொழிற்சாலைக்கு ஆஸ்பத்திரிகளின் விரிப்பும் முதியோர் இல்லங்களின் விரிப்பும் லொறி லொறியாக வரும். தோய்ந்து ஈரத்தோடு வருகிற விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, ஒரே இழுவையில் விறைப்பாக்கி, உருளைக்குக் கொடுக்கவேண்டும். ஒருத்தி தளர்ந்தால் மற்றவளின் கைக்குத் தெரிந்துவிடும். செலினக்கா வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்தாரா, நிம்மதியாக வந்தாரா என்பதை முதல் விரிப்பிலேயே நான் சொல்லிவிடுவேன். இத்தனைக்கும் அவர் மன்னார்க் கத்தோலிக்கர், நான் யாழ்ப்பாணத்துப் பெந்தகொஸ்தே. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற எல்லா நாளும் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

"என்னக்கா, கை சுட்டுப்போட்டுதோ?" என்றேன்.

"இல்லை மலர்."

"அப்ப என்ன?"

அவர் சுருண்ட விரிப்பைப் பார்த்தபடியே நின்றார். "என்ரை பிள்ளையின்ரை காலை முறிச்சது நான்தான்" என்றார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. அவள் விழுந்ததை நானும்தானே பாத்தனான். ஒருத்தரும் கிட்ட வரேல்லை."

"அதைத்தான் நானும் சொல்லுறன். ஒருத்தரும் கிட்ட வரேல்லை. அப்ப ஆர் முறிச்சது?"

 மேற்பார்வைக்காரன் தூரத்தில் கையைத் தூக்கி என்ன என்று கேட்டான். கோப்பி என்று சைகை காட்டிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனேன்.

ஷாமிலா செலினக்காவின் ஒரே மகள். இருபத்திமூன்று வயது. பாலர் பள்ளியில் வேலை செய்கிறாள். மாதம் ஒருமுறை நடக்கிற தமிழ்ப் பூசையில் கீபோட் வாசிப்பவளும் அவள்தான், பாட்டை எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான். போன மார்கழியில் கூட வேலை செய்கிற டெனிஷ் பெட்டை ஒருத்தி அவளை ஓகுஸ் நகரத்தில் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். அவுஸ்திரேலியாக்காரரின் ஃபுட்போல். இப்படி ஒரு விளையாட்டு இந்த நாட்டில் நடக்கிறதென்று டெனிஷ்காரரிலேயே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. டெனிஷ்காரியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து தங்கிவிட்ட டேமியன் என்ற ஓர் அவுஸ்திரேலியன்தான் பயிற்சி கொடுக்கிறவன். முதல் நாளே இவள் எழும்பிப் பாய்ந்ததைப் பார்த்து, நீ இதுவரைக்கும் எங்கே இருந்தாய் என்று கேட்டானாம்.

சித்திரையில் முதல் ஆட்டம். ஆறு ஆட்டம் முடிவதற்குள் டென்மார்க் பெண்கள் அணிக்கு அவளைத் தெரிவுசெய்துவிட்டார்கள். ஐப்பசியில் வெளிநாட்டுப் போட்டி. நான் என் பிள்ளைபோல் சந்தோஷப்பட்டேன். வேலைத்தலத்தில் கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் சொன்னேன்.

செலினக்காவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஆட்டம் சனிக்கிழமை, பாட்டுப் பயிற்சியும் சனிக்கிழமை. கீபோட்டை மூடி வைத்தாயிற்று. பாடகர் குழுவை நடத்துகிற விமலராணி, கோயில் வாசலில் நாலு பேர் கேட்க, "செலின், உங்கடை பிள்ளை இப்ப பாட்டை விட்டிட்டுப் புல்லுக்குள்ளை உருளுறாளாமே" என்று கேட்டுவிட்டார். அடுத்த நாள் வேலையில் முழுக்க விரிப்பு என் பக்கம் பிய்ந்துகொண்டு வந்தது.

மகள் முழங்கையிலும் தொடையிலும் கன்றிய கண்டலோடு வீட்டுக்கு வருவாள். செலினக்கா நல்லெண்ணெய் தடவிவிடுவார். தடவும்போது ஏசுவார். அவள் டெனிஷில் "ஹோல் நு ஓப், அம்மா" என்று சிரிப்பாள். போதும் விடுங்கோ என்று அர்த்தம். ஒரு நாளும் செலினக்கா ஆட்டம் பார்க்கப் போனதில்லை.

ஏழாவது ஆட்டத்துக்கு நான்தான் அவரை வற்புறுத்திக் காரில் ஏற்றினேன். ஆவணி முதல் சனி. அவருடைய புருஷன் ஸ்ரான்லி அண்ணை பஸ் ஓட்டுகிறவர், அன்றைக்கு அவருக்கு வேலை. வெறுங்கையோடு போகக் கூடாதென்று செலினக்கா விடியவே எழும்பி நாற்பது மட்டன் ரோல்ஸ் பொரித்து எடுத்திருந்தார். கார் முழுக்க ரோல்ஸ் மணம். "பிடிக்காத விளையாட்டுக்கு இவ்வளவு ரோல்ஸோ அக்கா?" என்று சீண்டினேன். "விளையாட்டுக்கில்லை, பிள்ளையளுக்கு" என்றார்.

காலையில் மழை பெய்து விட்டிருந்தது. காற்று விடாமல் அடித்தது. மைதானத்தின் இரண்டு பக்கமும் நந்நான்கு கம்பம் நட்டிருந்தது, வலை இல்லை. பந்தும் உருண்டை இல்லை, இரண்டு முனையும் கூம்பின நீள்பந்து. உதைக்கிறார்கள், கையால் குத்திக் கொடுக்கிறார்கள், கட்டிப் பிடித்து விழுத்துகிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் டேமியன் சொல்லித் தந்தான். உதைத்த பந்தை நிலத்தில் படாமல் வானத்திலேயே பிடித்தால் அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவளை ஒருவரும் தொடக் கூடாது. எல்லோரும் விலகி நிற்க, அவள் ஆறுதலாக உதைக்கலாம்.

நாலு கால்பகுதி ஆட்டத்தில் இரண்டாவதில் அது நடந்தது. தூரத்திலிருந்து யாரோ பந்தை ஓங்கி உதைத்தாள். காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. கம்பங்களுக்கு முன்னால் எதிரணியின் கோப்பன்ஹேகன் பெட்டைகள் மூன்று பேர், ஒவ்வொருத்தியும் கதவு உயரம், கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் ஷாமிலா ஐந்தடி மூன்றங்குலம். அவர்களுக்குப் பின்னால் எங்கோ நின்றவள் ஓடி வந்தாள். ஓடி வந்தவள் நிற்கவில்லை. முன்னால் நின்றவளின் முதுகில் ஒரு முழங்காலை வைத்தாள், அங்கிருந்து இன்னும் மேலே போனாள். அந்த மூன்று பேரின் தலையும் அவளுடைய இடுப்புக்குக் கீழே இருந்தன. அவள் பந்தைத் தேடிப் போனதுபோல எனக்குத் தெரியவில்லை. பந்து வரும்வரைக்கும் அவள் அங்கே இருந்ததுபோலத் தெரிந்தது. இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

 பிறகு மைதானம் முழுக்கக் கத்தியது. முதுகைக் கொடுத்த பெட்டையே திரும்பி வந்து ஷாமிலாவின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துக் கண் கலங்கிவிட்டது. சபையில் அந்நிய பாஷை வரும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. கர்த்தர் மன்னிக்கட்டும்.

செலினக்காவைப் பார்த்தேன். வாயில் வைத்த ரோல்ஸ் வாயிலேயே இருந்தது. "மாதாவே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பாவம், அந்தப் பிள்ளையின்ரை முதுகிலை ஏறிப்போட்டாளே, மன்னிப்புக் கேக்கவேணும்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். செபம் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் கால்பகுதியில் ஷாமிலா சும்மா ஓடிக்கொண்டிருந்தாள். பந்து கையில் இல்லை, பக்கத்தில் ஒருவரும் இல்லை. திரும்புவதற்குக் காலை ஊன்றினாள். காலணி ஈரப் புல்லில் இறுகிக்கொண்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. மரக்கொப்பு முறிகிறதுபோல ஒரு சத்தம் எங்கள் பக்கம்வரை கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் படம் பிடித்துப் பார்த்து முடிவு வர இரண்டு கிழமை எடுத்தது. இங்கே எல்லோரும் கோஸ்போன் என்று சொல்வார்கள், முழங்காலுக்குள்ளே குறுக்காகக் கிடக்கிற நார். அது முற்றாக அறுந்துவிட்டது. அதோடு முட்டுக்குள் இருக்கிற குருத்தெலும்பும் போய்விட்டது. ஒபரேஷன் செய்தால் ஒரு வருஷத்தில் நன்றாக நடக்கலாம், மெதுவாக ஓடலாம். எம்பிப் பாய்கிற விளையாட்டு இனிமேல் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஏழு ஆட்டத்தோடு எல்லாம் முடிந்தது. டென்மார்க் அணி கொடுத்த சிவப்புச் சட்டை பொலித்தீன் பைக்குள்ளேயே கிடந்தது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்த கதை. தெரியாததைச் சாப்பாட்டு அறையில் செலினக்கா சொன்னார்.

"விமலராணி அப்பிடிக் கேட்ட அண்டு நான் மடுமாதாவுக்கு நேர்த்தி வைச்சனான், மலர். இவள் இந்த விளையாட்டை விட்டால், இந்த முறை இஞ்சை நடக்கிற மாதா திருநாளுக்கு வாசலிலை இருந்து கெபி மட்டும் முழங்காலிலை வாறன் எண்டு."

"சரி, வைச்சியள். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"நான் என்னெண்டு கேட்டனான் தெரியுமோ? 'எப்பிடியாவது விடப்பண்ணு தாயே' எண்டு கேட்டனான். ஏன் எப்பிடியாவது எண்டனான்? மனம் மாறி விடட்டும் எண்டு கேட்டிருக்கலாமே. எனக்கு அவ்வளவு கோவம். அந்தக் கோவத்திலை கேட்டது."

நான் அவருக்குக் கோப்பியைத் தள்ளி வைத்தேன். அவர் தொடவில்லை.

"அண்டைக்கு அவள் மேலை ஏறினதைக் கண்ட உடனை, வேண்டாம் தாயே, நான் கேட்டதை விட்டிடு எண்டு சொன்னனான். உன்ரை கண்ணுக்கு முன்னாலைதான் சொன்னனான். முக்கால் மணித்தியாலம் போகேல்லை. பிந்திப்போனன், மலர்."

அப்போதுதான் அந்த முணுமுணுப்பு எனக்கு விளங்கியது. 

"அக்கா, ஆண்டவர் அப்பிடிச் செய்யிற ஆளில்லை."

"உங்கடை சபைக்காரருக்கு எல்லாம் சுகம். கையைத் தூக்கி அல்லேலூயா எண்டால் முடிஞ்சுது. எங்களுக்குக் குடுத்த வாக்குக் குடுத்ததுதான். வாற சனி திருநாள். நான் முழங்காலிலை போனால், என்ரை பிள்ளையின்ரை கால் முறிஞ்சதுக்கு நன்றி சொல்லுறன் எண்டு அர்த்தம். போகாமல் விட்டால், மற்றக் காலுக்கு என்ன வருமோ?"

 வேதத்தில் எனக்குத் தெரிந்த வசனம் எல்லாவற்றையும் தேடிப் பார்த்தேன். "பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

"சொன்னால் அவள் என்ரை முகத்திலை முழிப்பாளோ?"

அன்று பின்னேரம் அவரை வீட்டில் இறக்கிவிட்டு உள்ளே போனேன். ஷாமிலா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தாள். தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை இரும்புச் சட்டம் பூட்டிய கட்டு. ஸ்ரான்லி அண்ணை பஸ் கொம்பனிச் சட்டையோடேயே குசினியில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தார். செலினக்கா உடுப்பு மாற்றப் போன சமயம் பார்த்து அவர் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்களிட்டையும் சொல்லிப்போட்டாவே?"

"ஓம் அண்ணை."

"புல்லு ஈரம், பிள்ளை. நாங்கள் ஈர றோட்டிலை பஸ் ஓட்டுறனாங்கள், எங்களுக்குத் தெரியாதே? மாதா ஏன் உந்தச் சனிக்கிழமை மைதானத்துக்கு வாறா? ஆனா சொல்லி விளங்காது. ஷாமிலாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவள் பாவம்."

ஷாமிலா கூப்பிட்டாள். "அன்ரி, அந்த மார்க்கை ஒருத்தரும் ஃபில்ம் பண்ணேல்லை, தெரியுமா? எல்லாரிட்டையும் கேட்டிட்டன். விழுந்தது இருக்கு. மூண்டு பேர் எடுத்திருக்கினம். மேலை போனது இல்லை."

"நீதானே போனனீ. உனக்குத் தெரியாதோ?"

"எனக்குப் பந்து மட்டும்தான் தெரிஞ்சது. நான் எவ்வளவு உயரம் போனன், எப்பிடி இருந்தது, ஒண்டும் தெரியாது. அம்மாட்டைக் கேட்டன். அவ பாத்தவ. ஆனா கேட்டால் எழும்பிக் குசினிக்குப் போறா." அவள் சிரிக்கப் பார்த்தாள், சரிவரவில்லை. "அவவுக்கு அவ்வளவு பிடிக்கேல்லை போலை."

அந்த வீட்டில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பாவம் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டியது நான் இல்லை. மீன் பொரித்ததும் ஒரு துண்டு தின்றுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை விடிய நாலு மணிக்கு அவர்கள் மூன்று பேரும் நானும் என் காரில் புறப்பட்டோம். திருநாள் நடக்கிற குன்றுக்குப் பெரிய பாலம் கடந்து, கோப்பன்ஹேகனுக்கும் அங்கால் போகவேண்டும். எங்கள் சபை மூப்பருக்குத் தெரிந்தால் என்னை ஒரு மாதம் செபத்தில் வைப்பார். இருந்தும் போனேன். செலினக்கா முன் ஆசனத்தில் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு மணியும் உருட்டாமல் இருந்தார்.

குன்று முழுக்கச் சனம். கோல்டிங்கிலிருந்து மூன்று பஸ். மடுமாதாவின் சுருவத்துக்கு நீலக் கொடி கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு. வாசலிலிருந்து மாதாவின் சுருவம் இருக்கிற கெபிக்கு, அந்தக் கற்குகைக்குப் போகிற பாதை சின்னச் சின்னக் கல் போட்ட ஏற்றம், இருநூறு அடி இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் முழங்காலில் போய்க்கொண்டிருந்தார்கள்.

வாசலில் செலினக்கா நின்றார். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார். நிலத்தில் கையை ஊன்றி முழங்காலில் இருந்தார். இருபது வருஷம் ஈரச் சீமெந்தில் நின்ற முழங்கால். முகம் சுளித்தது.

ஷாமிலா இரண்டு ஊன்றுகோலிலும் தொங்கியபடி பார்த்தாள். "எனக்காகவா அம்மா? வேண்டாம். ஒபரேஷன் டொக்டர் செய்வார். எழும்புங்கோ."

"உனக்காகத்தான்" என்றார் செலினக்கா. "ஆனா நீ நினைக்கிற மாதிரி இல்லை."

ஸ்ரான்லி அண்ணை "செலின்!" என்று அதட்டினார். அவர் கேட்கவில்லை. முழங்காலில் இருந்தபடியே, தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்து, எல்லாவற்றையும் சொன்னார். விமலராணி கேட்டது, கோபம், நேர்த்தி, 'எப்பிடியாவது' என்ற சொல், திருப்பிக் கேட்டது, பிந்திப்போனது. ஒன்றையும் மறைக்கவில்லை.

ஷாமிலா கேட்டு முடித்தாள். டெனிஷில் ஏதோ சொன்னாள், எனக்குக் காதில் விழவில்லை. ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு கார் நிற்கிற பக்கம் போனாள். செலினக்கா எழும்பவும் இல்லை, முன்னால் போகவும் இல்லை. சனம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

நான் ஷாமிலாவுக்குப் பின்னால் ஓடினேன். அவள் காரில் சாய்ந்து அழுதாள். கால் முறிந்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை.

"எனக்கு அது எவ்வளவு விருப்பம் எண்டு அவவுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு கேட்டவ."

"ஓம்" என்றேன். "தெரிஞ்சுகொண்டுதான் கேட்டவ. அதை நான் மறைக்க வரேல்லை."

"மாதா முறிக்கேல்லை அன்ரி. புல்லு. எனக்குத் தெரியும். ஆனா அவ கேட்டவ."

"பிறகு வேண்டாம் எண்டும் கேட்டவ."

அவள் முகத்தைத் துடைத்தாள். "எப்ப?"

"நீ மேலை போன உடனை. ரோல்ஸ் வாய்க்குள்ளை. விழுங்கக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டவ."

 பூசை மணி அடித்தது. பிறகு ஊன்றுகோலை எடுத்துக் கக்கத்தில் வைத்தாள். "நான் இன்னும் கோவம்தான்" என்று எனக்குச் சொல்லிவிட்டு நடந்தாள்.

செலினக்கா அதே இடத்தில் இருந்தார். மகளின் ஊன்றுகோல் பக்கத்தில் வந்து நின்றதும் தலை நிமிர்த்தினார்.

"நான் கோவம்" என்றாள் ஷாமிலா. "கன நாளைக்குக் கோவமா இருப்பன்."

"இரு மோனை."

"ஆனா அண்டைக்கு நீங்கள் பாத்ததைச் சொல்லுங்கோ. ஃபில்ம் இல்லை. முதலிலை இருந்து சொல்லுங்கோ, ஒண்டும் விடாமல்."

செலினக்கா ஒரு முழங்காலை முன்னால் வைத்தார். மற்றதை வைத்தார். ஷாமிலா ஊன்றுகோலை அதற்கேற்ற அளவில் வைத்தாள். எனக்கும் ஸ்ரான்லி அண்ணைக்கும் பின்னால் நடப்பதைவிட வேறு வேலை இருக்கவில்லை. சுற்றவர எல்லோரும் செபமாலை சொல்லிக்கொண்டு போனார்கள். விமலராணி எங்களைக் கடக்கும்போது நின்று காது கொடுத்துக் கேட்டார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மழை விட்டிருந்தது. காத்து. நீ எங்கையோ பின்னுக்கு நிண்டனீ, நான் உன்னைத் தேடிக்கொண்டிருந்தனான்" என்றார் செலினக்கா. மூச்சு வாங்கியது. கல்லில் தேய்ந்து வலது முழங்காலில் சேலை நனைந்து சிவந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. "அப்ப பந்து வந்தது. மூண்டு பேர் நிக்கினம், நெட்டைப் பெட்டையள். நான் நினைச்சன், அவையள்தான் பிடிக்கப்போகினம் எண்டு. நீ ஓடி வந்தனீ. ஒருத்தியின்ரை முதுகிலை முழங்காலை வைச்சனீ. வைச்சுப்போட்டு எழும்பினனீ."

"எவ்வளவு உயரம்?"

"அவையின்ரை தலை உன்ரை இடுப்புக்குக் கீழை. எனக்கு உன்ரை சப்பாத்தின்ரை அடி தெரிஞ்சது. வானம் தெரிஞ்சது. நீ பந்தை எடுத்திட்டாய்."

"பிறகு?"

செலினக்கா கையை நிலத்தில் ஊன்றி, அடுத்த முழங்காலை முன்னால் இழுத்து வைத்தார்.

"பிறகென்ன மோனை. எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கினம். நீ இன்னும் இறங்கேல்லை."